பூந்தொட்டிக்கும் நடத்தை விதி உண்டு

பத்து நாளாகிறது. இன்னும் என் நகக்கண்களில் சுண்ணாம்பு போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன். எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் படுகிறது. வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்தபோது கையில் படாத கறை, ஓய்வு பெற்ற பிறகு பூந்தொட்டியால் பட்டது.

எல்லாம் சரோஜாவின் செல்போனில் ஆரம்பித்தது. சரோஜா என் மனைவி. அவள் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ‘வசந்தகாலக் கைவேலை’ செய்து காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் மண் பூந்தொட்டிகள். ஒன்றைக் கவிழ்த்துக் கயிறு கட்டினால் மணி. மூன்றைக் கவிழ்த்து அடுக்கி மேலே தட்டு வைத்தால் பறவைக் குளம். இன்னொன்றில் கண், மூக்கு வரைந்து உள்ளே புல் விதைத்தால் தலைமுடி. அந்த அம்மாளுடைய ஜன்னலுக்கு வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் வசந்தகாலத்தை அப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

“நாமும் செஞ்சு பாக்கலாமா?” என்றாள் சரோஜா.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது அனுமதி ஆகாது என்பது ஆபீஸ் விதி. வீட்டில் ஆகும்.

மூன்றையும் செய்தோம். மணி தொங்கியது; காற்றுதான் வரவில்லை. பறவைக் குளத்துக்கு ஒரே ஒரு காகம் வந்தது. அதுவும் குளிக்க அல்ல... எங்கிருந்தோ தூக்கி வந்த எலும்பை ஊற வைக்க. கண், மூக்கு வரைந்த தொட்டியைக் காம்பவுண்ட் சுவர் மேல் வைத்தோம். மறுநாள் காலை பால்காரர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, “இன்னா சார், மாடி கட்டப் போறீங்களா? திருஷ்டிக்கு இப்பவே வெச்சிட்டீங்க” என்றார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். நித்யா வந்தாள்.

நித்யா எங்கள் பின் தெருவில் பிளவுஸ் தைக்கிறவள். அவள் கணவர் ஏழுமலை குட்டியானை ஓட்டுகிறார் — லோடு ஏற்றும் சின்ன வண்டி. பெற்றோர் இல்லாத வீடு. தங்கை கவிதாவை வளர்த்து, படிக்க வைத்து, கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்புக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தவள் இவள்தான். இப்போது கவிதாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு. தாய் வீட்டுச் சீர் நித்யா வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

சீரில் என்ன சிக்கல்? கவிதாவின் மாமியார்தான்.

கல்யாணத்தின்போது நித்யா வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறாள். அதன் மூடி சரியாக உட்காராது. மாமியார் அஞ்சலை அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். பொண்ணாவது பொருந்துமா?” என்று பந்தலில் சொன்னாராம். சொல்லிவிட்டு மறந்திருந்தால் பரவாயில்லை. அந்த வீட்டில் எது ஒழுங்காக மூடவில்லை என்றாலும் இன்றுவரை அதற்குக் “கவிதா வூட்டு டப்பா” என்றுதான் பெயராம். ஜன்னல் கதவு, குக்கர், மோட்டார் ரூம்... எல்லாம் கவிதா வூட்டு டப்பா.

“அக்கா, இந்தத் தடவையாவது அந்தம்மா வாய்ல வுழாத மாதிரி எதனா செய்க்கா” என்று தங்கை போனில் அழுதிருக்கிறாள்.

எங்கள் காம்பவுண்ட் சுவரை நிமிர்ந்து பார்த்தாள் நித்யா. “அம்மா, இந்த மாதிரி குட்டித் தொட்டில கலர் அடிச்சி, உள்ள கற்பூரவல்லி வெச்சிக் குடுத்தா எப்டி இருக்கும்? கண்ணு மூக்கு வேணாம்.”

சரோஜாவுக்கு உடனே பிடித்துவிட்டது. குழந்தை பிறந்து சளி பிடித்தால் ஊரெல்லாம் மருந்து இருக்கும் என்றாள். எங்கள் கொல்லையில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கிறது. கிளை ஒடித்து நட்டால் போதும்.

நான் எப்போது இதில் நுழைந்தேன்? யாரும் கூப்பிடவில்லை. நடைமுறை தெரிந்தவனை யாரும் கூப்பிடுவதில்லை, அவனாகத்தான் வருவான்.

வீடியோவில் அந்தப் பெண்மணி தொட்டியை எடுத்தவுடன் பெயிண்ட் அடித்தார். தவறு. மண் தொட்டியை முதலில் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். கொப் கொப்பென்று குமிழி விடும். குமிழி நிற்கும்வரை ஊற வேண்டும். பிறகு நிழலில் முழுதாகக் காய வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உள்பக்கம் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் மண் வழியே கசிந்து, வெளிப்பக்கப் பெயிண்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். அதற்கப்புறம்தான் பிரைமர். பிறகு பெயிண்ட், இரண்டு கோட். கடைசியில் வார்னிஷ்.

எங்கே கற்றேன் என்கிறீர்களா? பெயிண்ட் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதை முழுதாகப் படிக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

“வார்னிஷ் எதுக்கு சார்? செலவுதானே” என்றாள் நித்யா.

“வார்னிஷ் இல்லாத பெயிண்ட் முத்திரை இல்லாத உத்தரவு மாதிரி” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அடக்கமாகத் தலையாட்டினாள். எனக்கும் அது போதுமாக இருந்தது.

பெயிண்ட் வாங்க நானே போனேன். கடைக்காரர் தெரிந்தவர். “சார், இந்த ரெண்டு கலர் மட்டும் ஸ்டாக் ஜாஸ்தியா நின்னுபோச்சி. பாதி விலைக்குத் தரேன், எடுத்துக்கினு போங்க” என்றார்.

ஏன் நின்றுபோயிற்று என்று நான் கேட்கவில்லை. ‘பாதி விலை’ என்ற சொல்லுக்குப் பிறகு ஓய்வூதியர் யாரும் காரணம் கேட்பதில்லை.

அடுத்த சில நாட்கள் எங்கள் கார் ஷெட் ஒரு தொழிற்சாலை. தொட்டியின் உடம்புக்கு ஒரு நிறம், விளிம்புக்கு இன்னொரு நிறம், நடுவில் நித்யா தீக்குச்சி முனையால் வைத்த வெள்ளைப் புள்ளி வரிசை. பகலில் பிளவுஸ் தைத்துவிட்டு, சாயங்காலம் வந்து உட்கார்ந்து புள்ளி வைப்பாள். கழுத்து வலித்தால் சுவரில் சாய்ந்துகொண்டு, “கவிதா மாமியா, அந்த அத்தை, இதுக்கு இன்னா பேர் வெக்கும்?” என்பாள். ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இல்லை. அச்சில் வார்த்தது போல் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். வளையல் பூட்டுவது ராகு காலத்துக்கு முன்னால் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கே வந்துவிடும். அஞ்சலை அம்மாள் கடிகாரத்துக்குக் கீழேயே நிற்பார் என்றாள் நித்யா. குட்டியானையின் பின்னால் தொட்டிகள், மேலே தார்ப்பாய். முன்னால் ஏழுமலை, நான். பின்னால் தொட்டிகளுக்கு நடுவே வளையல் பெட்டி, சீர்த்தட்டு சகிதம் சரோஜாவும் நித்யாவும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது விதிப்படி குற்றம். சரோஜாவிடம் விதி பேசிப் பயனில்லை.

தேர்தல் நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். எத்தனையோ தேர்தல்களில் வண்டியை மறித்தவன் நான். அதனால் ஒரு கோப்பு தயார் செய்திருந்தேன். வளைகாப்புப் பத்திரிகை, பெயிண்ட் கடை பில், தொட்டி வாங்கிய சூளையில் கேட்டு எழுதி வாங்கிய பில், வண்டியின் ஆர்.சி., காப்பீடு, ஏழுமலையின் லைசென்ஸ், என் ஓய்வூதிய அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் நகல்.

கச்சிராயபாளையம் ரோட்டில், மலை பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு சிறு பாலத்தையொட்டி நிறுத்தினார்கள். ‘பறக்கும் படை’ என்று ஏழுமலை சொன்னார். பறப்பது வேறு, ஒரே இடத்தில் நிற்பது நிலைக் கண்காணிப்புக் குழு என்று திருத்தினேன்.

“எதுவா இருந்தா இன்னா சார், நிறுத்திட்டாங்க இல்ல” என்றார் ஏழுமலை.

ஷாமியானா நிழலில் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவரைப் பார்த்து நிம்மதியானேன். செந்தில். துணை வட்டாட்சியர். நான் தேர்தல் பயிற்சி வகுப்பு எடுத்த காலத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தவர்.

“சார்! நீங்களா! எப்டி சார் இருக்கீங்க? பி.பி. எல்லாம் நார்மலா?”

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பிறகு அதே மரியாதையோடு, “வண்டிய பாக்கணும் சார்” என்றார். அவருக்குப் பின்னால் வீடியோக்காரர் கேமராவைத் தோளுக்கு ஏற்றினார்.

கோப்பை நீட்டினேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். “பேப்பர் எல்லாம் பக்கா சார். உங்க கிட்டயா குறை கண்டுபிடிக்க முடியும்?” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போலீஸ்காரர் தார்ப்பாயை விலக்கினார்.

காலை வெயிலில், வார்னிஷ் பளபளப்பில், வரிசை வரிசையாக, அச்சில் வார்த்தது போல்... இரண்டே நிறம். மாநாட்டுப் பந்தல் மாதிரி இருந்தது.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

என்னென்ன நிறம் என்று எழுத மாட்டேன். எழுதினால் ஒரு கட்சிக்காரர்கள் கடிதம் போடுவார்கள். எழுதாவிட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் போடுவார்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் கொடி நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுலபமாகப் புரியும். பெயிண்ட் கடைக்காரர் சுவர் விளம்பரத்துக்கென்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கியிருக்கிறார். தேர்தல் நடத்தை விதி வந்தது. சுவரைத் தொட ஆளில்லை. பாதி விலைக்கு ஒரு ஓய்வூதியர் வந்தார்.

எத்தனையோ ஊர்களில் இந்த நிறங்களைத் தேடித் தேடி அழிக்க வைத்தவனுக்கு, சொந்த கார் ஷெட்டில் அவை ஏன் தெரியவில்லை? காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. பொருளைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருக்கிறது.

ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: “எனக்கு அப்பவே தோணிச்சி சார். நீங்க படிச்சவரு... தெரிஞ்சிதான் அடிக்கறீங்கன்னு வுட்டுட்டேன்.”

“சார்... இது இன்னா சார்?” என்றார் செந்தில்.

“பூந்தொட்டி.”

“அது தெரியுது சார். இத்தன இருக்கே...”

“வளைகாப்புக்கு வரும் பெண்களுக்குக் கொடுப்பதற்கு.”

“ஆளுக்கு ஒண்ணா சார்?”

“ஆமாம்.”

“ஓட்டு இருக்கற பெண்களா சார்?”

பதில் சொல்லாமலிருக்கும் உரிமை எனக்கு இருந்தது. பயன்படுத்திக்கொண்டேன்.

அதற்குள் போலீஸ்காரர் ஒரு தொட்டியை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. “இன்னா வாடை இது?”

மலையிலிருந்து இறங்குகிற ரோடு அது. அந்த ரோட்டில் ஒரு போலீஸ்காரர் அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கிண்டலாகப் பதில் சொல்வதில்லை. கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அப்படி. ஏழுமலை வண்டியிலிருந்து இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வார்னிஷுங்க. நேத்துதான் அடிச்சோம். மண்ணுதாங்க உள்ள, கொட்டிக்கூட காட்றேன்” என்றார். சொன்னபடியே ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். மண், எரு, ஒரு கற்பூரவல்லிக் கிளை. போலீஸ்காரர் அதைக் குனிந்து பொறுக்கித் திரும்ப உள்ளே வைத்தார்.

நித்யா பின்னாலிருந்து இறங்கி வந்தாள். “சார், ராகு காலம் வந்துரும் சார். தங்கச்சி பொடவை கட்டிக்கினு உக்காந்துக்கினு இருப்பா.”

“வளையலு, தட்டு எல்லாம் எடுத்துக்கினு நீங்க போலாம்மா. தொட்டி மட்டும் இருக்கட்டும்” என்றார் செந்தில். நியாயமான உத்தரவு. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நித்யா அசையவில்லை. “அம்மா, நீங்க வளையல எடுத்துக்கினு போங்க” என்றாள் சரோஜாவிடம். “வெறுங்கையோட நான் அந்த வூட்டுப் படி ஏறமாட்டேன். டப்பா பேச்சே இன்னும் ஓயல. இப்ப தொட்டிய போலீஸ் புடிச்சிக்கிச்சின்னா, என் தங்கச்சி அந்த வூட்ல எப்டி நிமிந்து நடப்பா?”

பறிமுதல் செய்த பொருளைத் திரும்பப் பெறும் நடைமுறை எனக்கு மனப்பாடம். மேல்முறையீடு, குழு, விசாரணை, விடுவிப்பு ஆணை. அதற்குள் குழந்தை பிறந்து, நடை பழகி, தானே வந்து கையெழுத்துப் போட்டுத் தொட்டியை வாங்கிக்கொள்ளும்.

வேறு வழியில்லாமல், வாழ்நாளில் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: “செந்தில்... உங்களுக்கு என்னைத் தெரியும்.”

செந்தில் சங்கடமாகச் சிரித்தார். “நீங்கதான் சார் கிளாஸ்ல சொன்னீங்க. ‘என்னைத் தெரியாதா’ன்னு எவன் கேக்கறானோ, அவன் வண்டியத்தான் மொதல்ல இறக்கணும்னு.”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“மேலே கேட்டுப் பாருங்களேன்” என்றாள் சரோஜா.

“கேட்டா ‘சீஸ் பண்ணு’ம்பாங்கம்மா. கேக்காம இருக்கறவரைக்கும்தான் நானா எதனா செய்ய முடியும்.” என் பக்கம் திரும்பினார். “அதுவும் சார் சொல்லிக் குடுத்ததுதான்.”

பிறகு அவர் பார்வை பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் போனது. சுவரில் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. யாருடைய சின்னமோ அதன் கீழே இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு டிரம்மில் மிச்சச் சுண்ணாம்பு.

“சார்... சுவத்துல சின்னம் இருந்தா சுவத்த இடிக்க முடியாது, வெள்ளைய அடிச்சிட்டுப் போய்க்கினே இருக்கணும்னு சொல்வீங்க இல்ல?”

எல்லோரும் டிரம்மைப் பார்த்தோம்.

நித்யா தொட்டிகளைப் பார்த்தாள். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் அவள் கழுத்து வலி. அவள் அழவில்லை. புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வெள்ளையடிக்கற மட்டை இருக்கா?” என்று கேட்டாள். டிரம்முக்குள்ளேயே ஒன்று கிடந்தது.

“வார்னிஷ் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. உதிர்ந்துவிடும்” என்றேன். அது உண்மை. டப்பாவில் போட்டிருக்கிறது.

“இப்ப வாய மூடிக்கினு தொட்டியப் புடிங்க” என்றாள் சரோஜா.

பிடித்தேன். ஒரு மட்டை போதவில்லை. ஏழுமலை வண்டி துடைக்கிற துணியைக் கிழித்துக் கொடுத்தார். நான் துணியை முக்கி அடித்தேன். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அடித்து முடித்ததைப் பாலத்துச் சுவர் மேல் காயவைத்தார். செந்தில் மட்டும் தொடவில்லை. “நான் தொடக்கூடாது சார்” என்றார். சரிதான். கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, “இன்னா, கட்சி மாறிட்டீங்களா?” என்று கத்திவிட்டுப் போனார்.

முடிந்தது. வரிசையாக வெள்ளைத் தொட்டிகள். பார்க்கச் சகிக்கவில்லை.

“இத்த எட்துக்கினு வளைகாப்பு வூட்டுக்கு எப்டிம்மா போறது?” என்றாள் நித்யா. அப்போதுதான் குரல் உடைந்தது. “பளிச்சினு கலர் அடிச்சி எட்துக்கினு வரேன்னு தங்கச்சிகிட்ட சொல்லி வெச்சிருக்கறேன்.”

“முதல்ல கையத் தொடை” என்று சரோஜா ஈரத்துணி தேடினாள். சீர்த்தட்டை நகர்த்தினாள். நலங்குக்கு என்று குழைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணம் சாய்ந்தது. நித்யா பாய்ந்து பிடித்தாள். கையெல்லாம் மஞ்சள். அதே கையோடு, கீழே விழப்போன ஒரு தொட்டியையும் பிடித்தாள்.

ஈரச் சுண்ணாம்பின் மேல் ஐந்து விரல். மஞ்சளாக இல்லை. சிவப்பாக.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? எந்த நல்ல காரியம் என்றாலும் ஆரத்தி கரைக்கிற ஊர். ஆனால் ரோட்டோரத்தில் அவ்வளவு பேர் நின்றும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

“அய்யே, ஆரத்தி!” என்றாள் சரோஜா.

அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நித்யா விரலை மஞ்சளில் தொட்டுத் தொட்டு விளிம்பு சுற்றிலும் வைத்துக்கொண்டே போனாள். தீக்குச்சி இல்லை, அளவு இல்லை. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. என் தரக் கட்டுப்பாடு அந்தப் பாலத்தோடு முடிந்தது.

செந்தில் சுற்றி வந்து பார்த்தார். “வெள்ளை, சிவப்பு... கோயில் மதில் கலர் சார். இது யாரு கட்சியும் இல்ல.”

“நிச்சயமாகவா?”

“இன்னைக்கு வரைக்கும் சார்” என்றார். கையசைத்தார். கிளம்பினோம்.

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கொடிக்கம்பம். கொடி இல்லை, நடத்தை விதி. ஆனால் கம்பத்தின் பீடத்தை மூடியிருந்த துணி காற்றில் ஓரம் தூக்கியிருந்தது. உள்ளே தெரிந்த நிறம், எங்கள் தொட்டிகளின் நிறத்துக்கு நேர் எதிர்க்கட்சி. அஞ்சலை அம்மாளின் கணவர் சமீபத்தில்தான் அந்தக் கட்சியில் கிளைப் பொறுப்பாளர் ஆனாராம். வழியில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டு நிறத்தோடு அந்தப் படியேறியிருந்தால்? டப்பா என்ற பேச்சு தேவலை என்று ஆகியிருக்கும். வழியில் மறித்தார்களே என்று பாதி ரோடு செந்திலைத் திட்டிக்கொண்டு வந்திருந்தேன். மனசுக்குள் அந்த நடவடிக்கையை ரத்து செய்தேன்.

அஞ்சலை அம்மாள் கடிகாரத்துக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு தொட்டியை வாங்கினார். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது. “இன்னாடி இது, ஈரம்கூட காயல? நேத்துதான் நெனப்பு வந்துச்சா?”

கவிதா மணையில் உட்கார்ந்தபடி அக்காவையே பார்த்தாள்.

அஞ்சலை அம்மாள் தொட்டியைத் திருப்பினார். சிவப்பு விரல் தடங்களைப் பார்த்தார். முகர்ந்தார். “ஆரத்தி கணக்கா இருக்குது?”

“ஆமா அத்தை” என்றாள் நித்யா. “ஆரத்திய சுத்தித் தெருவுல ஊத்திட்றோம். இது வூட்ல வெச்சி வளக்கறது.”

கூடத்தில் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை அம்மாள் ஒன்றுக்கு இரண்டாகத் தொட்டி எடுத்துக் கதவுக்குப் பின்னால் தனக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, “நேரமாவுது, வளையலப் பூட்டுங்க” என்றார். கவிதா கையை நீட்டினாள்.

கதை இங்கே முடிந்தது என்று நினைத்தேன். நேற்று நித்யா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. அஞ்சலை அம்மாள். வளைகாப்பு முடிந்து கவிதா இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நித்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏண்டி நித்யா, தண்ணி ஊத்த ஊத்த உன் தொட்டி தோலு உரியுதே. உள்ள வேற கலர் வெச்சிருக்கறியே?”

வார்னிஷ் அடிக்கச் சொன்னது யார் என்று சரோஜா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“அத்தை... அது வந்து...”

“மாமா கண்ல படறதுக்கு முன்னாடி நானே மேல சுண்ணாம்பு அடிச்சிட்டேன். அக்கம் பக்கத்துலயும் சொல்லிட்டேன், உரிஞ்சா அடிச்சிக்கங்கடின்னு. ஆனா எனக்கு அந்தச் செகப்பு சரியா வரல. மஞ்சளு எவ்ளோ போடணும்?”

“தூக்கிப் போட்டிருக்கலாமே அத்தை?”

“எதுக்குடி போடணும்? துளிரு வுட்டுக்கினு இருக்குது. அந்த டப்பா மாதிரியா இது?”

மஞ்சள் அளவை நித்யா சொன்னாள். அஞ்சலை அம்மாள் போனை வைக்கவில்லை. குரல் தணிந்தது. “இன்னொண்ணு... உள்ள இருக்கற கலரும் நல்லாத்தாண்டி இருக்குது. மாமாகிட்ட சொல்லிடாத.”

ரகசிய வாக்குப்பதிவு என்றால் என்ன என்று எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். கரும்பலகை, வரைபடம், உதாரணம் எல்லாம் போட்டு. எவருக்கும் புரிந்த மாதிரி முகம் இருக்காது. கச்சிராயபாளையத்தில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். வெளியே கோயில் மதில். உள்ளே அவரவர் இஷ்டம்.

சுரண்டிப் பார்க்கத்தான் கூடாது.